கோல்டன் பெர்ரியா, கிரவுண்ட் செர்ரியா, சொடக்குத் தக்காளியா? விதை வாங்கும் முன் ஒரு கணக்கு

"செடி இடுப்பு உயரம் வந்துவிட்டது, பூவாய்க் கொட்டுகிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை." சென்னை, மதுரை, திருச்சிப் பக்கம் மாடித்தோட்டத்தில் கோல்டன் பெர்ரி வைத்தவர்களின் புகார் அநேகமாக இதுதான். கூடவே, என்ன ஊற்றினால் காய்க்கும் என்ற கேள்வியும் வரும். ஊற்றிச் சரிசெய்யக்கூடிய கோளாறு இல்லை இது. செடி எந்த ஊருக்கு உரியதோ அந்த ஊர் இரவு அதற்குக் கிடைக்கவில்லை.

கோல்டன் பெர்ரி, கேப் கூஸ்பெர்ரி, வட இந்தியச் சந்தைகளில் ரஸ்பரி, எல்லாம் ஒரே பழம். தாவரப் பெயர் பைசாலிஸ் பெருவியானா. பெரு, கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் ஆண்டீஸ் மலைச்சரிவுதான் சொந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் பயிராகிவிட்டது. 'கேப்' அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. பெயரில் கூஸ்பெர்ரி இருந்தாலும் நம் நெல்லிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது தக்காளி, கத்தரி, மிளகாய்க் குடும்பம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வேலியோரம் தானாகவே முளைத்துக் கிடக்கும்.

காகித உறைக்குள் பழம் வைக்கும் செடிதான் வேண்டும் என்றால் இது ஒன்று மட்டும் இல்லை. இதன் வட அமெரிக்கச் சொந்தமான கிரவுண்ட் செர்ரி இருக்கிறது. நம் வயல் வரப்பில் கிடக்கும் சொடக்குத் தக்காளியும் அதே பைசாலிஸ் பேரினம்தான். நான்காவது வழி, வளர்க்காமல் வாங்கிச் சாப்பிடுவது. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

இரவு வெப்பம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். கோல்டன் பெர்ரி 13 முதல் 18 டிகிரி செல்சியஸில் மிகச் சுகமாக இருக்கும். பகல் 30 டிகிரியைத் தாண்டி இரவும் புழுக்கமாகவே நின்றால் செடி சாகாது, வளரும், பூக்கும்; ஆனால் தக்காளிக் குடும்பத்துப் பூக்களில் சூடு முதலில் கெடுப்பது மகரந்தத்தை. காய் பிடிக்காத பூ காம்போடு உதிர்ந்துவிடும்.

"உத்தரப் பிரதேசத்துச் சமவெளியில் ஏக்கர் கணக்கில் விளைகிறதே, அங்கே நம்மைவிட வெயில் அதிகமாயிற்றே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அங்கே அது குளிர்காலப் பயிர். ஜனவரியில் வாரணாசி இரவு 10 டிகிரியை ஒட்டி இருக்கும். அதே ஜனவரியில் சென்னை இரவு 21 டிகிரி. கோயம்புத்தூர் சுமார் 19, பெங்களூரு சுமார் 16. கோடையில் எவ்வளவு கொளுத்துகிறது என்பதைவிட, பூக்கும் இரண்டு மாதம் இரவு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு.

இடமும் மாதமும். ஒரு பை எத்தனை மாதம் அடைபட்டுக் கிடக்கும்? அந்த மாதங்களில் அதே பையில் வெண்டையோ கத்தரியோ வந்திருக்குமே, அதுவும் செலவுதான்.

பழம் எதற்கு. செடியில் பொறுக்கிக் குழந்தைகள் தின்னவா, ஜாம் போடவா, உலர்த்தி வைக்கவா? பழத்தின் அளவு இங்கே பெரிய வித்தியாசம் செய்யும். கீழே உறை உரிக்கும் கணக்கில் தெரியும்.

அண்டைச் செடிகள். மூன்றுமே தக்காளி, மிளகாய்க்கு வரும் வெள்ளை ஈ, நச்சுயிரி, வேர்முடிச்சு நூற்புழு எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும். மாடியில் ஏற்கெனவே மிளகாய் இருந்தால் இதை யோசிக்காமல் விதைக்கக் கூடாது.

| | கோல்டன் பெர்ரி | கிரவுண்ட் செர்ரி | சொடக்குத் தக்காளி |
|---|---|---|---|
| செடி | 1 முதல் 1.5 மீட்டர், படரும் | 45 முதல் 60 செ.மீ., தரையோடு பரவும் | 30 முதல் 90 செ.மீ. |
| பழ விட்டம் | சுமார் 2 செ.மீ. | சுமார் 1.5 செ.மீ. | சுமார் 1 செ.மீ. |
| விதை முதல் பழம் வரை | 5 மாதம் | மூன்றரை மாதம் | சுமார் 3 மாதம் |
| வளர்ப்புப் பை | 15 அங்குலம் | 12 அங்குலம், அகலமானது | 10 முதல் 12 அங்குலம் |
| அரைக் கிலோ பழத்துக்கு | சுமார் 120 பழம் | 250 முதல் 300 | சுமார் 1,000 |
| ஆயுள் | உறைபனி படாவிட்டால் 2, 3 ஆண்டு | ஒரு பருவம் | ஒரு பருவம் |

## கோல்டன் பெர்ரி

சுவையில் இதற்கு ஈடு மற்ற இரண்டும் இல்லை. அன்னாசியும் தக்காளியும் கலந்தாற்போல் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வரும். ஜாமை இறுகவைக்கும் பெக்டினும் இயல்பாகவே இருக்கிறது. கொலம்பியாவில் 1,800 மீட்டருக்கு மேல்தான் பெரும்பாலும் பயிர் செய்கிறார்கள். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், இலங்கையில் நுவரெலியா ஆகிய ஊர்களும் ஏறக்குறைய அந்த உயரம்தான். அங்கே இருப்பவர்களுக்கு ஒப்பீடே தேவையில்லை, இதையே வைக்கலாம்.

விதை மிகச் சிறியது. ஒரு பழத்தில் 100 முதல் 300 இருக்கும். நாற்றுத் தட்டில் மேலோட்டமாகத் தூவி, அரை சென்டிமீட்டருக்கு மேல் மூடாமல் விட்டால் 10 முதல் 20 நாளில் முளைக்கும். ஐந்தாறு வாரத்தில், நான்கைந்து உண்மை இலை (முதலில் வரும் வித்திலை இரண்டும் கணக்கில் இல்லை) வந்ததும் நடலாம். தரையில் செடிக்குச் செடி ஒரு மீட்டராவது விடுங்கள். விதைத்து 65 முதல் 75 நாளில் பூ. பூவிலிருந்து பழம் உதிர இன்னும் 70 முதல் 80 நாள். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஒற்றைச் செடி போதும். காற்றாடாத மூலையில் வைத்திருந்தால் காலை வேளையில் கிளையை மெல்லத் தட்டிவிட்டால் காய் பிடிப்பு கூடும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது உரத்தில். இது ஏழை மண்ணில் காய்க்கும் செடி. மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1 என்ற கலவையே தாராளம். வாரம் தவறாமல் மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் ஊற்றினால் உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டு, தண்டு தடித்து, பார்க்க அருமையாக இருக்கும், காய் இருக்காது. பூ வந்தபின் ஒரு கைப்பிடி மரச்சாம்பலை மண்ணில் கலந்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நல்ல நிலத்தில் ஒரு செடியில் 300 பழம்வரை கிடைக்கும். பழத்துக்கு 4, 5 கிராம் வைத்தால் ஒரு கிலோவுக்கு மேல். இது மலைக் கணக்கு. சமவெளிப் பைச் செடியில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

வெளியே தெரியாத செலவுகள் இருக்கின்றன. 15 அங்குல விட்டமும் உயரமும் உள்ள பையில் ஏறக்குறைய 40 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்த பிறகு அதன் எடையைத் தளம் தாங்குமா என்று நான்கு பைக்கு மேல் வைப்பவர்கள் யோசிக்க வேண்டும். கிளைகள் எளிதில் முறியும். நடும்போதே மூன்று குச்சி ஊன்றிச் சுற்றிலும் கயிறு கட்டிவிடுங்கள். காய்ப்பு நேரத்தில் வெயில் ஏறும்போது ஒரு பை தினமும் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர் கேட்கும். தண்ணீர் விட்டு விட்டுக் கொடுத்தால், அல்லது வறண்ட பிறகு மழை கொட்டினால், பழம் உறைக்குள்ளேயே வெடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். உரித்துப் பார்க்கும்வரை தெரியாது.

மலையில் உறைபனிதான் எதிரி. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் நிற்கும் செடி ஒரே இரவில் கருகும். சுவரோரம் நட்டு, சாக்குப் போட்டு மூடுபவர்களுக்கு அடுத்த ஆண்டும் செடி இருக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டுக் கவாத்துச் செய்தால் மீண்டும் துளிர்க்கும். இரண்டாம் ஆண்டுப் பழம் சற்றுச் சிறுக்கும்; மூன்றாம் ஆண்டுக்குப் புது நாற்று வைப்பதே மேல். சோலைக்காட்டை ஒட்டிய தோட்டமாக இருந்தால் உதிர்ந்த பழத்தை விடாமல் பொறுக்கிவிடுங்கள். பறவை தின்று காட்டுக்குள் விதைத்துவிடும்.

சமவெளியில் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புக் காலம்தான் உண்டு. செப்டம்பர் முதல் வாரம் விதைத்து, அக்டோபர் நடுவில் நட்டால், நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை பூக்கும். அந்தப் பூக்களில் நிற்பதுதான் பலன். பிப்ரவரி பாதிக்குப் பிறகு திறக்கும் பூவை மறந்துவிடலாம். ஐப்பசி மழையில் பையின் அடித் துளை அடைபடாமல் செங்கல்மீது தூக்கி வையுங்கள். ஜனவரியில் விதை வாங்கி விதைப்பவர்களுக்குக் கிடைப்பது இலை மட்டுமே. பெங்களூரு, ஓசூர், ஏற்காடு வாசிகளுக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை, ஆகஸ்டிலேயே விதைக்கலாம்.

## கிரவுண்ட் செர்ரி

தரையோடு பரவும் செடி. உயரம் குறைவு, குச்சி வேண்டாம். பழம் சிறியது, புளிப்பு குறைவு, அன்னாசி வாசத்தில் லேசாக வெனிலா கலந்தது போலிருக்கும். கோல்டன் பெர்ரியின் புளிப்பைப் பிடிக்காத குழந்தைகள் இதை விரும்பித் தின்னும். நட்டு 65, 70 நாளில் பழம் வரத் தொடங்குவதுதான் இதன் பெரிய பலம்: சமவெளியின் குறுகிய குளிர்காலத்துக்குள் முழுக் காய்ப்பும் அடங்கிவிடும்.

அக்டோபர் தொடக்கத்தில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, பெருமழை குறைந்த நவம்பர் நடுவில் நட்டால் ஜனவரி கடைசியிலிருந்து பழம் பொறுக்கலாம். சென்னைக்கும் டெல்டா மாவட்டங்களுக்கும் இந்த நாட்காட்டி பொருந்தும். பழம் மண்ணில் விழுந்து அழுகாமல் செடியைச் சுற்றி வைக்கோல் பரப்புவது அவசியம்.

குறை என்றால் விதைதான். உள்ளூர் நாற்றங்கால்களில் எளிதில் கிடைக்காது, இணையத்தில்தான் வாங்க வேண்டும். 'ஆன்ட் மோலி' என்ற ரகம் அதிகம் புழங்குகிறது. ஆனால் கோல்டன் பெர்ரி என்று விற்கப்படும் பொட்டலத்தில் இது வருவதும், இதன் பெயரில் சொடக்குத் தக்காளி வருவதும் சகஜம். இலையையும் பூவையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். கோல்டன் பெர்ரி இலை இதய வடிவில், தொட்டால் வெல்வெட்டுத் துணி போலிருக்கும். பூ பெரியது, மஞ்சள் மணியின் அடியில் ஐந்து கரும் ஊதாப் பொட்டுகள் பளிச்சென்று தெரியும். கிரவுண்ட் செர்ரி இலையும் ரோமம் உள்ளதுதான், சாம்பல் படர்ந்த பச்சை, செடி உயராமல் பக்கவாட்டில் ஓடும். இலை வழுவழுப்பாக, ஓரம் பல்பல்லாக, பூ சுண்டுவிரல் நக அளவில் வெளிறிய மஞ்சளாக இருந்தால் அது சொடக்குத் தக்காளி. இதே பேரினத்து மெக்சிகோச் செடியான டொமாட்டியோவின் விதையும் சில பொட்டலங்களில் கலந்து வரும். அது ஒற்றைச் செடியாக இருந்தால் காய்க்கவே காய்க்காது, அயல் செடியின் மகரந்தம் வேண்டும்.

## சொடக்குத் தக்காளி

இதற்குப் பரிந்துரையே வேண்டியதில்லை, ஒரு கைப்பிடி தோட்டமண் மாடிக்கு வந்தாலே தானே முளைத்துவிடும். உறையை நெற்றியில் அடித்துச் சொடக்கென்று வெடித்து விளையாடிய பிள்ளைகள் வைத்த பெயர் இது. பைசாலிஸ் மினிமா, பைசாலிஸ் அங்குலாட்டா என்ற இரண்டு இனங்களையும் இதே பெயரில்தான் அழைக்கிறோம். தோட்டத்துக்கு அந்த வேறுபாடு பொருட்டில்லை.

35 டிகிரி வெயிலிலும் காய்க்கும். குச்சி, உரம், நாற்றுத் தட்டு எதுவும் கேட்காது. நன்றாக மஞ்சளான பழம் இனிப்பும் புளிப்புமாக இருக்கும், பின்னால் ஒரு சின்னக் கசப்பு நிற்கும். அந்தக் கசப்புச் சிலருக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. கோடையிலும் குழந்தைகளுக்குப் பொறுக்கித் தின்ன ஏதாவது இருக்க வேண்டும் என்றால் சமவெளியில் இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

ஜாம் போடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். அரைக் கிலோவுக்கு ஆயிரம் பழம். ஒரு உறையை உரிக்க ஐந்து விநாடி என்றாலும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். கோல்டன் பெர்ரியில் அதே வேலை பத்து நிமிடம்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. தக்காளி இலைச்சுருட்டு நச்சுயிரி இந்தச் செடியில் தங்கியிருந்து, வெள்ளை ஈ மூலம் பக்கத்துத் தக்காளிக்குப் போகும். இலை சுருண்டு மஞ்சள் படர்ந்த சொடக்குத் தக்காளியைக் கண்டால் இரக்கப்படாமல் பிடுங்கி எரித்துவிடுங்கள். மூன்று செடிகளுக்குமே பூச்சிக் கவனிப்பு ஒன்றுதான்: செடி உயரத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படத் தெளிப்பது. இலையை வலைபோல அரித்துவைக்கும் புள்ளி வண்டைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதே விரைவு. போன பருவம் கத்தரியோ தக்காளியோ இருந்த பை மண்ணை அப்படியே பயன்படுத்தினால் வேர்முடிச்சு வரும்.

ஓர் எச்சரிக்கை. காகித உறை இருப்பதெல்லாம் தின்னும் பழம் என்று குழந்தைகளுக்குப் பழக்கிவிடாதீர்கள். அமுக்கராச் செடியும் இப்படித்தான் உறைக்குள் பழம் வைக்கும். உள்ளே சிறிய சிவப்புப் பழம், அது தின்பதற்கில்லை. மூன்று செடிகளிலும் இலை, தண்டு, உறை, பச்சைக் காய் நச்சுத் தன்மை உள்ளவை. மஞ்சள் பழுத்தால் மட்டுமே வாயில் வைக்கலாம்.

## பறிப்பதும் பயன்படுத்துவதும்

கோல்டன் பெர்ரியைப் பறிக்கத் தேவையில்லை, பொறுக்க வேண்டும். பச்சை உறை வைக்கோல் நிறமாகி, சருகுபோல் மெலிந்து, விரலில் அழுத்தினால் சரசரக்கும். காற்றுக்குத் தானே விழும். உள்ளே முட்டைக் கரு நிறத்தில் பழம், மேலே பிசுபிசுவென்று ஒரு பூச்சு. அது கெட்டுப்போன அறிகுறி இல்லை, இயல்பானது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போகும், கழுவாமல் தின்றால் நாக்கில் கசக்கும். காம்போரம் பச்சை நின்றிருந்தால் உறையோடு இரண்டு, மூன்று நாள் வையுங்கள். நிறம் ஏறும், ஆனால் செடியிலேயே பழுத்த இனிப்பு வராது.

உறையை உரிக்காமல், கழுவாமல், காற்றாடும் கூடையில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் மலைக் குளிரில் ஒரு மாதம் தாராளமாக நிற்கும். பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்தால் உறை ஈரம் கோத்துப் பூஞ்சணம் வரும்.

ஜாமுக்கு அளவு: உரித்துக் கழுவிய பழம் 500 கிராம், சர்க்கரை 300 கிராம், ஒரு எலுமிச்சம்பழச் சாறு. பழத்தை அரைக் குவளைத் தண்ணீரில் வேகவிட்டு, தோல் வெடித்ததும் மசித்து, பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் தோல் விறைத்துப்போகும். இருபது நிமிடம் போல் கொதித்தபின், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கீறிப் பாருங்கள். கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். உலர்த்துவதானால் பாதியாக வெட்டித்தான் வெயிலில் வைக்க வேண்டும். முழுப் பழத்தின் மெழுகுத் தோல் ஈரத்தை வெளியே விடாது. கிரவுண்ட் செர்ரியில் புளிப்பு குறைவு என்பதால் ஜாமுக்கு இரண்டு எலுமிச்சை. சொடக்குத் தக்காளி கிடைத்த அளவைப் பச்சை மிளகாயோடு வதக்கித் துவையலாக்கிவிடுவது உத்தமம்.

## வாங்கியே சாப்பிடுவது

மாடியில் நான்கே பை வைக்க இடம், அதிலும் வருடம் ஒருமுறை இரண்டு கைப்பிடிப் பழம் தின்றால் போதும் என்பவர்களுக்கு இதுதான் சரி. ஐந்தாறு மாதம் அடைபடும் அந்தப் பையில் கீரை நான்கு முறை அறுக்கலாம். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் போகும்போதோ, நகரத்துப் பழக்கடைகளிலோ உறையோடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். உறை காய்ந்து சரசரக்க வேண்டும். ஈரமாக, கரும்புள்ளி விழுந்து பழத்தோடு ஒட்டியிருந்தால் உள்ளே வெடித்திருக்கும். உரித்து டப்பாவில் அடைத்ததைவிட உறையோடு இருப்பது பல நாள் கூடுதலாகத் தாங்கும்.

வாங்கியதில் நன்கு பழுத்த ஒன்றை மட்டும் தனியே எடுத்து, ஒரு குவளைத் தண்ணீரில் பிசைந்து இரண்டு நாள் விடுங்கள். சதை மிதக்கும், விதை அடியில் தங்கும். வடிகட்டி நிழலில் காயவைத்துக் காகித உறையில் போட்டு, வெளியே 'செப்டம்பர்' என்று எழுதி வைத்துவிட்டால் பொட்டல விதையில் என்ன வருமோ என்ற கவலை இல்லை.